பொன்னிறம் போதுமா?

கதை எழுதுகிறவனுக்குப் பெயர்களின்மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. பாத்திரத்தின் பெயர் பிசகினால் கதையே பிசகிப் போகும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். ஆகவே ஒரு மரத்துக்கு வியாபாரிகள் இட்ட பெயரைப் பற்றி நான் சண்டைக்கு நிற்கிறேன் என்றால், எனக்குச் சம்பந்தமில்லாத காரியத்தில் மூக்கை நுழைக்கிறேன் என்று யாரும் சொல்ல முடியாது.

மரத்தின் சாஸ்திரப் பெயர் மெட்டாசெகோயா. ஆங்கிலத்தில் அதை 'டான் ரெட்வுட்' என்கிறார்கள். 'டான்' என்பது விடியலைக் குறிக்கும் சொல். ஊசியிலை மரம்தான்; ஆனால் அந்தக் கூட்டத்துக்குரிய பொதுக் குணம் இதற்கு இல்லை. மற்ற ஊசியிலை மரங்களில் மிகப் பல பனியிலும் பச்சையாக நிற்கும். இதுவும், லார்ச் முதலான வேறு சிலவும் மட்டும் குளிர்காலம் வந்தால் இலையை உதிர்த்துவிட்டு வெறுங் குச்சியாக நிற்கும். இலையை மட்டுமா? இலை தாங்கிய சிறு காம்புகளையும் சேர்த்தே உதிர்த்துவிடும்.

இந்த மரத்தில் பொன்னிற இலை கொண்ட வகை ஒன்று இருக்கிறது. ஜப்பானில் 1970-களில், எக்ஸ்-கதிர் பாய்ச்சிய விதைகளிலிருந்து கிடைத்தது. ஜப்பானியர் அதற்கு 'ஓகன்' என்று பெயர் வைத்தார்கள். ஓகன் என்றால் பொன். நல்ல பெயர், கண்ணால் கண்டதைச் சொல்லும் பெயர். 1993-இல் அது நெதர்லாந்து வழியாக ஐரோப்பியச் சந்தைக்கு வந்தது. அங்கே அதற்கு இரண்டாவது நாமகரணம் நடந்தது: 'கோல்ட் ரஷ்'. தங்க வேட்டை!

இந்தப் பெயரில் என்ன குற்றம் என்று கேட்பீர்கள். சொல்லுகிறேன்.

'கோல்ட் ரஷ்' என்ற சொல்லைக் கேட்டால் யாருக்கும் நினைவு வருவது கலிபோர்னியா. 1848 ஜனவரியில் அங்கே ஓர் ஆற்றங்கரையில் தங்கம் கண்டெடுத்தார்கள். எந்த இடத்தில்? மரம் அறுக்கும் ஆலை ஒன்றுக்காக வெட்டிய வாய்க்காலில். மறு ஆண்டு உலகத்தின் நாலா பக்கங்களிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். வந்தவர்களுக்கு வீடு வேண்டும், கடை வேண்டும், படகுத்துறை வேண்டும். எல்லாம் மரத்தால் ஆக வேண்டும். சான் பிரான்சிஸ்கோ நகரம் அந்தச் சில ஆண்டுகளில் திரும்பத் திரும்ப எரிந்தது. திரும்பத் திரும்ப மரத்தாலேயே எழுந்தது. அந்த மரம் பெரும்பாலும் பக்கத்து மலைகளில் நின்ற ரெட்வுட். உலகத்திலேயே மிக உயரமாக வளரும் மரம். மெட்டாசெகோயாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. அன்று பிடித்த கோடரியை வெகு காலம் கீழே வைக்கவில்லை. பழைய ரெட்வுட் காடுகளில் இன்று மிஞ்சியிருப்பது நூற்றுக்கு ஐந்து பங்குதான். அந்தத் தங்க வேட்டையில் காட்டோடு சேர்ந்து, அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூர்வ குடிகளும் அழிந்தார்கள்.

அண்ணன் குடும்பத்தை நிர்மூலமாக்கிய சம்பவத்தின் பெயரைத் தம்பி பிள்ளைக்குச் சூட்டுவார்களா? சூட்டியிருக்கிறார்கள். பெயர் வைத்தவருக்கு இது நினைவில் இருந்திராது; காதுக்கு ஜோராக இருந்தது, விற்கும் என்று தோன்றியது, வைத்துவிட்டார். அந்த ஞாபகமின்மைதான் என் முதல் புகார். இலை பொன்னிறம் என்றவுடன் மரம் மறந்து போகிறது.

இந்த மரத்தைச் சென்ற கோடையில் நேரில் பார்த்தேன். என் தங்கை குடும்பம் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் 10 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமுமாக ஒரு தோட்டம். அதில் ஒரு மரம் வைக்க வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு ஆசை. மூவருமாக ஒரு நர்சரிக்குப் போனோம். தொட்டிகளுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு கன்று. வெயில் பட்டு ஒரே பொன்மயம். இலையைத் தொட்டுப் பார்த்தேன். ஊசி என்றே தோன்றவில்லை. குஞ்சுப் பறவையின் இறகு போலிருந்தது. தங்கை, "அண்ணா, இதைத்தான் வாங்கணும்" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கே சபலம் தட்டிற்று.

கன்றின் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. 'பத்து ஆண்டில் உயரம் 5 மீட்டர்' என்று அதில் அச்சிட்டிருந்தது. கடைக்காரர் அதோடு இரண்டு வாக்கியங்களைச் சேர்த்துச் சொன்னார்: "சின்னத் தோட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான மரம் கிடையாது. அதுவும் இது அழிந்துகொண்டிருக்கிற இனம். ஒன்று வாங்கினால் நீங்களும் அதைக் காப்பாற்றியதாகும்."

வியாபாரி பேசுவது வியாபாரம். ஆனால் பெயரும் அட்டையும் அந்த இரண்டு வாக்கியங்களும் சேர்ந்து செய்கிற காரியத்தை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அட்டையை எடுத்துக்கொள்வோம். 'பத்து ஆண்டில் 5 மீட்டர்.' பொய்யா? இல்லை. ஆனால் பதினோராவது ஆண்டில் மரம் வளர்வதை நிறுத்திக்கொள்ளுமா? பெண் பார்க்க வந்தவர்களிடம், 'பையன் பத்தாம் வயதில் நாலரை அடி' என்று சொல்வது போன்ற கணக்கு இது. பச்சை மெட்டாசெகோயா 30 மீட்டருக்கு மேலும் போகிற மரம். பொன்னிலை வகை நிதானமாக வளரும். அதற்குக் காரணம், இலையில் பச்சையம் குறைவு. பச்சையம் குறைந்ததால்தான் உள்ளே இருக்கும் மஞ்சள் வெளியே தெரிகிறது. பச்சையம் குறைந்தால் மரத்துக்குச் சமையலும் குறைவு. அதனால் வளர்ச்சியில் நிதானம். நிதானமே தவிரக் குள்ளம் அல்ல. 15 மீட்டரும் அதற்கு மேலும் அது போகும். நாலு மாடிக் கட்டிடத்தின் உயரம்! 6 மீட்டர் அகலத் தோட்டத்தில் அதை எங்கே வைப்பது?

அப்புறம் தண்ணீர். சீனாவில் இந்த மரம் இயற்கையாக வளரும் இடத்து ஊரார் அதற்கு வைத்த பெயரில் 'நீர்' என்ற சொல் இருக்கிறது. ஓடை ஓரங்களிலும், ஈரம் வற்றாத பள்ளத்தாக்குகளிலும் நிற்கிற மரம் அது. அவர்கள் மரத்தின் தேவையைப் பெயராக வைத்தார்கள். நாம் நம் ஆசையைப் பெயராக வைத்தோம். கேம்பிரிட்ஜ் வட்டாரமோ இங்கிலாந்திலேயே வறண்ட பகுதி. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழைகூட இல்லை. பொன்னிலைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நிழலில் வைத்தால் பொன் மங்கிப் பசுமை தட்டும். ஆகவே வெயில் வேண்டும். வெயிலில் வைத்துவிட்டு வேரில் ஈரம் இல்லையென்றால் இளங்கன்றின் இலை கருகும். வெயிலும் வேண்டும், ஈரமும் வேண்டும், இடமும் வேண்டும். இந்த மூன்றில் ஒன்றைக்கூட அட்டை சொல்லவில்லை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் தோட்டத்தில் ஒரு பச்சை மெட்டாசெகோயா நிற்கிறது. 1949-இல் நட்டது, அந்த நாட்டில் வேர்விட்ட முதல் மரங்களில் ஒன்று. அங்கும் மழை அதே மழைதான். ஆனால் அந்த மரத்தைத் தோட்டத்து ஏரிக்கரையில் வைத்திருக்கிறார்கள். அடிமரம் சிவந்து, பட்டை நார்நாராக உரிந்து, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் அது நிற்கிறது. அதன் கீழே நின்றபோது, ஆள் உயரக் கன்றின் கழுத்தில் தொங்கிய அட்டையை நினைத்துக்கொண்டேன். நட்டவர்கள் இதுவல்லவா வளரப்போகிறது என்று எண்ணி நட்டிருக்கிறார்கள்!

"வளர்ந்தால் வெட்டிக்கொள்ளலாமே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நாட்டுக்கு இந்தக் கதை புதிதல்ல. லேலண்ட் சைப்ரஸ் என்று ஓர் ஊசியிலை மரம். 1960-களில் வட அயர்லாந்தின் காசில்வெல்லன் என்ற இடத்தில் அதற்கும் ஒரு பொன்னிற வகை கிடைத்தது. 'காசில்வெல்லன் கோல்ட்' என்று பெயர். பெயரில் அங்கேயும் தங்கம்தான். பச்சையும் பொன்னுமாக லட்சக்கணக்கில் வாங்கி வேலியாக நட்டார்கள். மரம் தன் சுபாவப்படி வளர்ந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் இருண்டன. அயலார் பேச்சு நின்றது, வழக்குகள் கிளம்பின. கடைசியில் பிரிட்டிஷ் பார்லிமெண்டே 2003-இல் இயற்றிய சமூக விரோத நடத்தைச் சட்டத்தில், 2 மீட்டருக்கு மேற்பட்ட பசுமை மாறா வேலிகளைப் பற்றி ஒரு பகுதியைச் சேர்க்க வேண்டியதாயிற்று. யோசித்துப் பாருங்கள்: மரம் சமூக விரோதியா? வளரும் என்று தெரிந்தே வளராதது போல் விற்றவரும், கேட்க வேண்டியதைக் கேட்காமல் வாங்கியவரும் செய்த காரியத்துக்கு மரம் கூண்டில் ஏறிற்று!

அந்தச் சட்டம் இலையுதிர்க்கும் மெட்டாசெகோயாவைத் தொடாது, வாஸ்தவம். ஆனால் ரம்பத்துக்குச் சட்டம் எதற்கு? உச்சியைத் துண்டித்தால், கூம்பாக நிமிர்ந்து நிற்பதே அழகான ஒரு மரம் மொட்டைத் தூண் ஆகிவிடும். தென்கிழக்கு இங்கிலாந்தின் பல ஊர்களில் மண் களிமண். கோடையில் மரம் நீரை உறிஞ்சினால் மண் சுருங்கி, அஸ்திவாரம் இறங்கி, சுவரில் விரிசல் காணும். அதற்கப்புறம் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கடிதம் வரும். கடிதத்துக்குப் பின்னால் ரம்பம் வரும். நூற்றாண்டுகள் நிற்கக்கூடிய மரம் இருபதாம் வயதில் விறகாகும். இப்படி நடக்கும் என்று நட்டவருக்குத் தெரியாது. விற்றவருக்குத் தெரியாது என்று நான் நம்பத் தயாராயில்லை.

இனி மிகப் பெரிய வார்த்தைக்கு வருகிறேன்: 'காப்பாற்றியதாகும்.'

இந்த மரம் காப்பாற்றப்பட்ட வரலாறு ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ஜப்பானிய அறிஞர் ஷிகெரு மிகி, களிமண்ணில் புதைந்து கிடந்த இலைப் படிவங்களை ஆராய்ந்து, ரெட்வுட் என்று மற்றவர்கள் நினைத்தவற்றில் சில வேறோர் இனம் என்று கண்டார். இலைகள் எதிரெதிராக அமைந்திருந்ததுதான் அவருக்குக் கிடைத்த துப்பு. 1941-இல் அதற்கு மெட்டாசெகோயா என்று பெயரிட்டார். பூண்டோடு அழிந்துபோன இனம் என்றே எல்லாரும் எண்ணினார்கள். அதே 1941-இல் கான் துவோ என்ற சீனப் பேராசிரியர், ஹூபெய் மாகாணத்து எல்லையில் மோதாவோ என்ற ஊரில் இதுவரை காணாத ஒரு பெரிய மரத்தைப் பார்த்தார். மரத்தடியில் ஒரு சிறு கோயில். ஊரார் அதை வணங்கி வந்தார்கள். அப்போது ஜப்பானும் சீனாவும் யுத்தத்தில் இருந்த காலம். 1943-இல் வாங் ஸான் என்பவர் அந்த மரத்தின் கிளையும் காயும் சேகரித்தார். 1946-இல் ஹூ ஷியன்ஸு, எதிரி நாட்டு அறிஞர் கல்லில் கண்டதும் தம் நாட்டு மலையில் நிற்பதும் ஒன்றே என்று உணர்ந்தார். 1948-இல் ஜெங் வான்ஜுனும் அவரும் சேர்ந்து மரத்துக்கு முறையாகப் பெயர் சூட்டினார்கள். யுத்தத்தால் இரண்டுபட்ட இரண்டு நாடுகளை ஒரு மரம் ஒரே பக்கத்தில் அச்சேற்றியது.

அமெரிக்காவில் ஆர்னால்டு தாவரத் தோட்டத்தின் எல்மர் மெரில் 1947-இல் விதை சேகரிக்க 250 டாலர் அனுப்பினார். 1948 ஜனவரியில் விதை வந்து சேர்ந்தது. அவர் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. உலகமெங்குமுள்ள தோட்டங்களுக்குப் பங்கிட்டார். சீனாவிலும் பிறகு லட்சக்கணக்கில் நட்டார்கள். ஜியாங்சு மாகாணத்தில் பிஜோ என்ற ஊர்ப் பக்கம் மைல் கணக்கில் சாலையின் இருமருங்கும் இந்த மரம்தான். இது காப்பாற்றிய கதை. இதை நான் மறுக்கவில்லை. கை எடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் எது காப்பாற்றப்பட்டது, எது இன்னும் படவில்லை? ஹூபெயின் லிச்சுவான் மலைப் பகுதியில் இயற்கையாக நிற்கும் மரங்கள் ஆறாயிரத்துக்கும் குறைவு. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழியும் அபாயத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இதை வைத்திருக்கிறது. மரங்களை இன்று யாரும் வெட்டுவதில்லை, சட்டம் காக்கிறது. துயரம் வேறு இடத்தில் இருக்கிறது. பெரிய மரங்களின் கீழே அவற்றின் குஞ்சுகள் இல்லை. மரத்தடி மண் நெல் வயலாகவும் கொல்லையாகவும் மாறிவிட்டது. விழுந்த விதை முளைத்து வேர் பிடிக்க ஒரு சாண் இடமில்லை. பிள்ளையில்லாத கிழவர்கள் குடியிருக்கும் ஊர் போல அந்தக் காடு நிற்கிறது.

அந்தக் கிழவர்களுக்கு கேம்பிரிட்ஜ் கொல்லையில் நிற்கும் பொன்னிலை மரம் என்ன செய்யும்? உலகத்திலுள்ள ஓகன் மரங்கள் எல்லாம் ஒரே மரத்தின் கிளைத் துண்டுகளை வேர்விடச் செய்து பெருக்கியவை. ஆயிரம் நட்டாலும் வம்சத்துக்கு அவை ஒரு மரம்தான். ஓர் இனம் பிழைக்க ஒன்றுபோல் ஒன்று இராத பல்லாயிரம் மரங்கள் வேண்டும். நோயையும் வறட்சியையும் ஒன்று தாங்காவிட்டால் இன்னொன்று தாங்கும். ஒரு நாவலை ஆயிரம் பிரதி அச்சிட்டால் ஆயிரம் நாவல் எழுதியதாகுமா? லிச்சுவானில் மரத்தடி மண்ணைத் திரும்ப மரத்துக்கே விடுவதும், அந்த மண்ணில் பிழைக்கும் குடியானவனுக்கு வேறு வழி காட்டுவதும்தான் காப்பாற்றுவது. அது சிரமமான வேலை. பணமும் பொறுமையும் கேட்கிற வேலை. அந்த வார்த்தையைக் கடையில் கன்றோடு சேர்த்து விற்றுவிட்டால், வாங்கியவர் தம் கடமை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்குவார். பொய்யான நிம்மதியை விற்பது கலப்பட நெய் விற்பதைவிடச் சின்னக் குற்றமா என்ன?

இதனால் என்னைப் பொன்னிலைக்கு விரோதி என்று எண்ணிவிடாதீர்கள். எக்ஸ்-கதிரால் பிறந்தது, இயற்கைக்கு மாறானது, தோட்டத்தில் வைக்கவே கூடாது என்று சாதிக்கும் வைதிகர்களும் உண்டு. அவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. நாம் உண்ணும் அரிசியும் வாழையும் எந்தக் காட்டில் இப்போதிருக்கும் ரூபத்தில் முளைத்தன? ஓகன் அழகான மரம். வசந்தத்தில் எலுமிச்சை மஞ்சளாகத் தளிர்த்து, கோடையெல்லாம் விளக்கேற்றியது போல் நின்று, இலையுதிர் காலத்தில் செம்பாகி, பிறகு வெறுமையாகும். அந்த வெறுமையும் அதன் அழகில் சேர்ந்ததே. வட துருவத்தை ஒட்டிய ஆக்செல் ஹைபர்க் தீவில், நாலரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் நின்ற மெட்டாசெகோயாக்களின் அடிக்கட்டைகள் கல்லாகாமல் மரமாகவே கிடக்கின்றன. மாதக்கணக்கில் சூரியன் எழாத இருட்டை அந்தக் காடு பார்த்திருக்கிறது. அப்படிப்பட்ட மரம் டிசம்பரில் இலையில்லாமல் நிற்பதைக் கண்டு, 'செத்துவிட்டது' என்று பிடுங்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்களாம். பொன்னுக்காக வாங்கியவனுக்குப் பொன் உதிர்ந்ததும் மரம் தெரியவில்லை, வேறென்ன?

ஆகவே நான் கேட்பது அதிகமில்லை. அட்டையில் பத்தாம் ஆண்டு உயரத்தை அச்சிடுகிறவர்கள் ஐம்பதாம் ஆண்டு உயரத்தையும் அச்சிடட்டும். ஈரம் வேண்டும், இலை உதிரும் என்ற இரண்டையும் சேர்த்துப் போடட்டும். 'காப்பாற்றுங்கள்' என்ற சொல்லை லிச்சுவானுக்கு விட்டுவிடட்டும். இடமிருப்பவர்கள் தாராளமாக நடட்டும்: பள்ளிக்கூடத்து மைதான ஓரம், ஊர்ப் பொதுப் பூங்காவின் குளக்கரை, பெரிய பண்ணையின் ஓடைக்கரை. இடமில்லாதவர்கள் தங்கள் கொல்லைக்கு அடங்குகிற ஒரு மரத்தை, ஒரு சின்ன ஆப்பிளையோ ஹாதார்னையோ வைத்துக்கொண்டு, பூங்காவில் நிற்கும் பொன்னைப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். மரத்தை அனுபவிக்க அது நம் பட்டாவில் நிற்க வேண்டிய அவசியமில்லை.

பெயரையும் மாற்றிவிடலாம், செலவில்லாத சீர்திருத்தம். ஜப்பானியர் வைத்த பெயர் இருக்கவே இருக்கிறது. அதை வைத்தே விற்கட்டும். அதைச் சொல்லியே வாங்குவோம்.